எட்டுக் கட்டை

எங்க பெரியப்பா வீட்டுத் திண்ணையை ஒட்டி எட்டுப் புளியங்கட்டை அடுக்கியிருக்கும். ஒவ்வொண்ணும் 2 அடி நீளம், அரையடி அகலம், அரையடி உயரம். புதுசா வர்றவங்க அதுமேல உக்காரப் போவாங்க. "அது உக்கார்ற கட்டையில்ல, எழுந்திரு" என்பார். விறகுக்கு ஒண்ணு கேட்டு வந்த சொந்தக்காரப் பொம்பளையை ஒரு தடவை வெரட்டியே விட்டார். டிராக்டரைத் தூக்கி நிறுத்துறதுக்காக வெச்சிருக்கிற கட்டை அது. அவருக்குச் சொந்தமா டிராக்டர் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இந்த இதழுக்கு எழுதச் சொன்ன தோழர்கள் நிலம் பத்தி எழுதுன்னாங்க. பஞ்சமி நிலம் பத்தி எழுத என்னைவிட விவரம் தெரிஞ்சவங்க இருக்காங்க. நான் எழுத உக்காந்தா ஜாக்கியும் கட்டையும்தான் வருது. எம்.ஏ. தமிழ் படிச்சவ டிராக்டர் ஜாக்கியைப் பத்தி என்னத்த எழுதப் போறான்னு சிரிக்கலாம். சிரிச்சிட்டே படிங்க.

எங்க ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். கொள்ளிடத்துல கீழணையில் தடுத்து, வடவாறு வழியா வீராணம் ஏரிக்கு வந்து, மதகு மதகாப் பிரிஞ்சு வர்ற தண்ணியில் வெளையுற பூமி. யாருக்கு வெளையுதுங்கிறது உங்களுக்கே தெரியும். பெரியப்பா பன்னெண்டு வயசுல பண்ணைக்கு மாடு மேய்க்கப் போனவர். அப்புறம் ஏர் ஓட்டினார். 1983இல் பண்ணைக்காரர் நிலவள வங்கியில் கடன் வாங்கி டிராக்டர் இறக்கினார். ஏர் மாடுகளை வித்தாங்க. மாட்டோட சேர்ந்து எங்க ஆளுங்க அஞ்சு பேருக்கும் வேலை போச்சு. பெரியப்பா மட்டும் டிராக்டருக்கு மாறினார்.

ஏன் அவரை வெச்சாங்கன்னா காரணம் இருக்கு. டிராக்டர் சீட்டுல உக்கார ஊர்த்தெருப் பசங்க போட்டி போட்டாங்க. கரும்பு ஏத்திக்கிட்டு ரோட்டுல போக, கல்யாணத்துக்கு ஜனம் ஏத்திக்கிட்டுப் போக, ஆள் இருந்தது. அடியில் மல்லாந்து படுத்து கிரீஸ் அடிக்க, சேத்துல இறங்கி சக்கரம் மாத்த, ஒருத்தரும் வரல. மேல உக்கார்றதுக்கு ஒரு சாதி, கீழ படுக்கறதுக்கு ஒரு சாதின்னு மெஷினையும் ரெண்டாப் பிரிச்சிட்டாங்க. மெஷின் வந்தா சாதி போயிடும்னு பேசுறவங்களை நான் கூட்டங்களில் பார்க்கிறேன். அவங்க வண்டிக்கு அடியில் குனிஞ்சு பார்த்ததில்லைன்னு நினைக்கிறேன்.

கோயில் தெரு முனை வந்ததும் பெரியப்பா டிராக்டரை நிறுத்தி இறங்கிடணும். தெருப் பையன் ஒருத்தன் ஏறி அந்த நூறு கஜத்தை ஓட்டுவான். பெரியப்பா வாய்க்கால் கரையோட சுத்தி வந்து அந்தப் பக்கம் மறுபடி ஏறிக்கணும். இந்தக் கூத்து பல வருஷம் நடந்தது. அந்தப் பையனுக்கு கிளட்ச் எது பிரேக் எதுன்னு சொல்லிக் குடுத்ததே பெரியப்பாதான். அவன் அவரை "டே" என்றுதான் கூப்பிடுவான்.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக்குகளுக்கு ஸ்பானர் எடுத்துக் குடுத்துக் குடுத்தே பெரியப்பா வேலை கத்துக்கிட்டார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் யாராவது அடிபட்டாலோ செத்தாலோ நேரில் போய், வண்டி எப்படி நின்னுச்சு, எந்தப் பக்கம் சாஞ்சுச்சுன்னு விசாரிச்சிட்டு வருவார். சாவு விசாரிக்கப் போற மாதிரி வண்டியையும் விசாரிப்பார். அப்படிச் சேர்த்ததுதான் அவர் படிப்பு.

டிராக்டரைத் தூக்குறதுன்னா அவருக்கு மொதல்ல எடம். கட்டாந்தரையா, மட்டமா இருக்கணும். வரப்பு ஓரம், கரைச்சரிவு, மழை ஊறின களம் ஆகாது. கல்டிவேட்டர் மாட்டியிருந்தா தரையில் இறக்கிக் கழட்டி விட்டுடணும். ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கி நிறுத்தின கலப்பைக்கு அடியில் தலையைக் குடுக்கவே கூடாது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து அரைஞாண் கயித்துல முடிஞ்சுக்குவார். சாவி வண்டியில இருந்தா எவனாவது ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பான்.

அடுத்தது முன்சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை. "பின்சக்கரத்தத்தான தூக்குறோம், முன்னால எதுக்கு?" என்று சின்ன வயசுல கேட்டிருக்கேன். "பிரேக்கு எங்க இருக்கு பாப்பா? பின்னால. கியரு எதைப் புடிக்குது? பின்சக்கரத்த. அதையே தூக்கிட்டா வண்டிய எது புடிக்கும்?" என்றார். ஒத்தைப் பின்சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் கியர்ல போட்டுட்டேன்னு நம்பக் கூடாது. அந்தரத்தில் இருக்கிற சக்கரம் ஒரு பக்கம் சுத்தும், தரையில் இருக்கிற சக்கரம் இன்னொரு பக்கம் உருளும். டிஃபரன்ஷியல் அப்படித்தான் வேலை செய்யும். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். எனக்குத்தான் பல வருஷம் கழிச்சுப் புரிஞ்சது.

முன் ஆக்சில் நடுவுல ஒரே ஒரு பின்னுல ஆடிக்கிட்டிருக்கும், தராசுத் தண்டு மாதிரி. மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொடட்டும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. பின்னால தூக்கும்போது அதுவே எமன். வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சா முன்பக்கம் தடுக்காது. அதனால் ஆக்சிலுக்கும் மேலே இருக்கிற சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடிப்பார். சக்கரத்து நட்டுகளை, வண்டி தரையில் நிக்கும்போதே கொஞ்சம் தளர்த்திடணும். தூக்கினதுக்கு அப்புறம் ஸ்பானரை மிதிச்சா வண்டியே ஆடும்.

ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை. ஜாக்கித் தலைக்கும் ஆக்சில் ஹவுசிங்குக்கும் நடுவுல ஒரு மெல்லிய பலகை, ஏன்னா இரும்பு மேல இரும்பு வழுக்கும். வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் தூக்கணும். தூக்கினதும் கட்டை அடுக்கணும். குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு, மறுபடி குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு. எட்டுக் கட்டை, நாலு அடுக்கு, 2 அடி உயரம். அந்த வண்டியின் பின் ஆக்சிலுக்கு அது சரியா வரும். குறைஞ்சா மேலே ஒரு பலகை. "சுடுகாட்டுல அடுக்குறமே, அதே அடுக்குதான். அங்க செத்தவனுக்கு, இங்க சாவாம இருக்க" என்பார். அப்புறம் ஜாக்கியை இறக்கி, பாரம் முழுக்கக் கட்டை மேல உக்காரணும். கையால தள்ளி ஆட்டிப் பார்ப்பார். துளி ஆடினாலும் மறுபடி மொதல்லேர்ந்து. ரெண்டு பக்கமும் தூக்குற வேலைக்கு இன்னொரு எட்டுக் கட்டை வேணும்னு கேட்டுப் பார்த்தார். "ஒண்ணு போதாதாடா உனக்கு" என்று சிரிச்சாங்களாம்.

செங்கல்லு, ஹாலோ பிளாக் வெச்சு வேலை செய்யற ஆளுங்களைக் கண்டா அவருக்குக் கோபம் வரும். "கல்லு சொல்லாமச் சாவும். மரம் சாவுறதுக்கு முன்னாடி கத்தும். கத்துறதக் கேட்டாவது ஓடியாரலாம்."

தூக்கறது ஜாக்கி, தாங்கறது கட்டை. சின்ன ஹைட்ராலிக் ஜாக்கி உள்ளே ஒரு ரப்பர் சீலை நம்பி நிக்குது. பண்ணையில் இருந்த ஜாக்கி லாரிக்காரர் ஒருத்தரிடம் பழசா வாங்கினது. எண்ணெய் கசியும். தூக்கி வெச்சிட்டு ஒரு வெத்தலை போட்டு முடிக்கிறதுக்குள்ள ஒரு விரக்கடை இறங்கியிருக்கும். 35 குதிரைத்திறன் டிராக்டர், ஒண்ணே முக்கால் டன் எடை.

2005 வைகாசியில் பண்ணை வீட்டில் கல்யாணம். களத்தில் பந்தல் போட்டு, கோட்டை அடுப்பு வெட்டி, மூணு நாள் சமையல். கொட்டகையில் இருந்த எட்டுக் கட்டையும் அடுப்புக்குப் போயிடுச்சு. காஞ்ச புளியங்கட்டை, நல்லா நின்னு எரியும். யார் எடுத்துப் போட்டாங்கன்னு கேட்டதுக்குப் பதில் இல்லை. "வேற கட்டை அறுத்துத் தர்றேன்டா" என்றார் பண்ணைக்காரர். ஆனி போச்சு, ஆடி போச்சு, ஆவணி போச்சு.

அந்த வருஷம் எப்படின்னா, 2002இலிருந்து தொடர்ந்து மேட்டூர்த் தண்ணி சரியா வராம, எங்க பக்கம் நெலம் வெடிச்சுக் கெடந்தது. 2005இல்தான் தண்ணி வந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சேடை ஓட்டணும், ஒரே நேரத்தில் நடவு. எங்கம்மா நடவு கேங்குல இருந்தாங்க. நாத்து முத்துது, டிராக்டர் வரல, சேடை ஓட்டாம நட முடியாது, நட்டாத்தான் கூலின்னு நாப்பது பொம்பளைங்க கரையில் உக்காந்திருந்தாங்க. பண்ணைக்காரர் மட்டும்தான் அவசரப்பட்டார்னு சொன்னா அது பாதிதான் உண்மை. நாங்களும் அந்த டிராக்டருக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருந்தோம்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, வலது பின்டயர்ல கருவேல முள் ஏறிடுச்சு. பெரியப்பாவும் அண்ணனும் ஜாக்கி வெச்சு சக்கரத்தைக் கழட்டினாங்க. அண்ணன் பெரியப்பாவோட மூத்த பையன், அப்போ பத்தொம்பது வயசு, டிராக்டருக்குக் கையாள். கட்டை இல்லாததால், "நான் வர்ற வரைக்கும் கிட்ட போவாத" என்று சொல்லிட்டுத்தான் பெரியப்பா டயரை வண்டியில ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போனார். முந்தின ராத்திரி மழை. களம் ஊறிக் கெடந்தது.

பண்ணைக்காரர் வந்து பார்த்தார். வண்டி சும்மா நிக்குது, ஆளும் சும்மா நிக்கிறான். கியர் பெட்டிக்கு அடியில் ஆயில் கசியுது, அந்த போல்ட்டுகளை இறுக்கிடுன்னார். அண்ணன் சொல்லியிருக்கான்: "கட்டை இல்லீங்களே." அதுக்கு அவர், "உங்கப்பன் மாதிரியே பேசுறியேடா. பத்து நிமிச வேலை" என்றிருக்கார். ரெண்டாவது தடவை அண்ணன் சொல்லல. ரெண்டாவது தடவை மறுத்துப் பேசினா என்ன ஆகும்னு எங்க தெருவில் பத்தொம்பது வயசு வரைக்கும் வளர்ந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரியப்பா வேலை, பெரியம்மா வேலை, எங்கம்மா நடவு, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்குது.

எனக்கு அப்போ பதினாலு வயசு. அம்மாவுக்குக் கஞ்சித் தூக்கு எடுத்துக்கிட்டு களத்து ஓரமா போய்க்கிட்டிருந்தேன். பெரிய சத்தமெல்லாம் கேக்கல. ஈரத்துல சாக்கு மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜாக்கி ஒரு பக்கமா மண்ணுக்குள்ள சாஞ்சு தெறிச்சிருந்தது. சக்கரம் இல்லாத ஆக்சில் முனை, டிரம்மோட, அண்ணனோட வலது தொடை மேல இருந்தது. அவன் கத்தல. "பாப்பா, யாரையாவது கூப்பிடு" என்றான், தண்ணி கேக்கிற மாதிரி.

நடவுப் பொம்பளைங்கதான் ஓடி வந்தாங்க. ஊர்த்தெரு ஆம்பளைங்க நாலஞ்சு பேர் நின்னாங்க. அவங்களைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. எங்கம்மா கொட்டகையிலிருந்து ஒரு தென்னஞ்சட்டத்தை உருவினாங்க. அதை ஆக்சிலுக்கு அடியில் குடுத்து எட்டுப் பேர் தொங்கினாங்க. ஒரு விரக்கடை எழும்பும், ஒரு கருங்கல்லைத் தள்ளுவாங்க. இன்னொரு விரக்கடை, இன்னொரு கல்லு. தூக்கின உயரத்தை விட்டுடாம அடியில் எதையாவது குடுத்துக்கிட்டே போகணும்னு அவங்களுக்கு யார் சொன்னது? அண்ணனை வெளியே இழுத்தப்போ சேடைச் சேறும் ரத்தமும் ஒரே நிறமா இருந்தது.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு 2008இல்தான் வந்தது. பண்ணை வீட்டில் கார் இருந்தது. கேட்டதுக்கு, டிரைவர் இல்லைன்னு சொன்னாங்க. செங்கல் ஏத்த வந்த ஒரு மினி லாரியில்தான் கொண்டு போனோம். ரெண்டு ஆஸ்பத்திரி மாறி, மூணாம் நாள் முட்டிக்கு மேலே காலை எடுத்துட்டாங்க. பண்ணைக்காரர் பத்தாயிரம் ரூபாய் குடுத்தார். அதை பெரியப்பா பேரில் கடனாக எழுதிக்கொண்டார்.

போலீஸ்காரர் வந்து விசாரித்தார். "கவனக்குறைவாக ஜாக்கி நழுவி" என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வாக்கியத்தை நான் எம்.ஏ. படித்தபோது இலக்கண வகுப்பில் உட்கார்ந்து பல தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன். நழுவியது என்ற வினைக்கு ஜாக்கி எழுவாய். சரி. கவனக்குறைவு யாருடையது? வாக்கியத்தில் இல்லை. ஆனால் படிக்கிற எல்லாருக்கும் அது அடியில் படுத்திருந்தவனுடையது என்று தெரிந்துவிடுகிறது. கட்டையை எரித்தவர், கட்டை அறுத்துத் தராதவர், பத்து நிமிஷ வேலை என்று சொன்னவர், இவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. தோன்றா எழுவாய் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்களை அழிக்கும் வினைகளுக்கெல்லாம் எழுவாய் தோன்றுவதே இல்லை.

2011இல் ஒரு பயிற்சி முகாமில் வழக்கறிஞர் ஒருவர் பேசியபோதுதான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், டிராக்டர் முதலிய இயந்திரங்களைக் கொண்டு செய்யும் விவசாய வேலையும் அட்டவணையில் இருந்திருக்கிறது. அண்ணன் அந்தச் சட்டத்தின்படி தொழிலாளி. கோரிக்கையை விபத்து நடந்த 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் கொடுத்திருக்க வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் வழி உண்டு. ஓடி வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "என்னா சாட்சி இருக்கு பாப்பா?" என்றார். கூலியை நெல்லா அளந்து வாங்கினவருக்கு என்ன ரசீது இருக்கும்? இருபத்திரண்டு வருஷம் ஓட்டின வண்டிக்கு அவர் டிரைவர் என்று ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பார்த்தவங்க எல்லாரும் இன்னும் அதே நிலத்தில்தான் நடவு நடுறாங்க. எங்கம்மாவும். அந்தச் சட்டம் 2009இல் பெயர் மாறியது, பிறகு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போனது. பெயர் என்னவானாலும் முதல் கேள்வி அதுதான்: நீ அங்கே வேலை செய்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? இளைஞர் கூட்டங்களில் நான் இப்போதெல்லாம் முதலில் பேசுவது இதைத்தான். கூலி வாங்குகிற தேதியை, வண்டி நம்பரை, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

2014இல் ஒரு பழைய டிராக்டரோட இங்கிலீஷ் கையேடு எனக்குக் கெடைச்சது. அகராதியை வெச்சுக்கிட்டுப் பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். சக்கரத்துக்குக் கட்டை, முன் ஆக்சிலுக்கு ஆப்பு, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே என்ற எச்சரிக்கை, எல்லாம் படத்தோட இருந்தது. ஒவ்வொண்ணுக்கும் "ம்" கொட்டிக்கிட்டே வந்தார். "பலகை வெக்கச் சொல்லியிருக்கானா?" என்று ஒரு எடத்தில் கேட்டார். சொல்லியிருந்தது. கடைசியில், "பண்ணை வீட்டுக் கண்ணாடி அலமாரியில வண்டி வந்தப்பலேர்ந்து ஒரு பொஸ்தகம் இருந்துச்சி. ஆயுத பூசைக்கு எடுத்துப் பொட்டு வெப்பாங்க. இதானா அது?" என்றார். நான் என்ன சொல்றது?

விபத்துக்கு அப்புறம் பெரியப்பா பண்ணைக்குப் போகல. போன கொஞ்ச நாளில், எங்க தோப்போரம் புயலில் சாஞ்ச ஒரு புளியமரத்தைக் காசு குடுத்து வாங்கி, அறுவை மில்லுல குடுத்து, எட்டுக் கட்டை போட்டுக்கிட்டு வந்து வாசலில் அடுக்கினார். வண்டி இல்லாதவருக்கு எதுக்குக் கட்டைன்னு பெரியம்மா அழுதாங்க. இன்னைக்கு எங்க தெருவிலேயே மூணு டிராக்டர் கடனில் ஓடுது. டயர் மாத்தணும், கிளட்ச் வேலைக்கு வண்டியை நடுவால பிரிக்கணும்னா கட்டை இங்கேயிருந்துதான் போகும். அந்தப் பண்ணை வீட்டு டிராக்டருக்கும் போகும். இப்போ அதை ஓட்டுறவனும் எங்க தெருப் பையன்தானே. ஒரே நிபந்தனை, கட்டையோட பெரியப்பாவும் போவார். எழுபது வயசுக்கு மேல ஆகியும் போறார். அடுக்கினதைத் தள்ளி ஆட்டிப் பார்த்துட்டு, வேலை முடியற வரைக்கும் அங்கேயே குத்துக்காலிட்டு உக்காந்திருப்பார். "நேரமாவுது பெரிசு" என்று யாராவது சொன்னா காது கேக்காத மாதிரி இருந்துடுவார்.

அண்ணன் செயற்கைக் காலோட ரோட்டோரம் பஞ்சர் கடை வெச்சிருக்கான். எழுதினதைப் போன வாரம் கடையில் வெச்சுப் படிச்சுக் காட்டினேன். விபத்து நடந்த பகுதி வந்தப்போ டியூபைத் தண்ணித் தொட்டியில் அமுக்கி முட்டை வருதான்னு பார்த்துக்கிட்டே இருந்தான். முடிச்சதும், "எறக்குறதப் பத்தி எழுதலியே பாப்பா" என்றான். "தூக்குறப்போ பயம் இருக்கும். எறக்குறப்போ வேலை முடிஞ்சிடுச்சேன்னு அவசரப்படுவான். அதையும் எழுது. சக்கரத்த மாட்டி நட்டை முடுக்கிட்டு, அடியில ஸ்பானரு, கோழி, கொழந்த எதுவும் இல்லன்னு குனிஞ்சி பாக்கணும். ஜாக்கிய மறுபடி ஒரு விரக்கடை ஏத்தி பாரத்த வாங்கிக்கணும். கட்டைய மேலேர்ந்து ஒண்ணொண்ணா உருவணும், கைய உள்ள வுடாம, கம்பால தள்ளணும். சக்கரம் தரையத் தொட்டப்புறம் நட்டை முழுசா இறுக்கணும். எதிர் எதிரா இறுக்கணும், வரிசையா இல்ல. அரை நாள் ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவ இறுக்கணும்."